வாணவேடிக்கையைப் படமாக்குதல்: கேமராவில் எதை எங்கே வைப்பது?

இரவு வானில் மலரும் வாணத்தை எடுக்கும்போது கேமராவின் ஆட்டோ முறை பெரும்பாலும் கைவிட்டுவிடும். ஆட்டோ முறையில் கேமரா முதலில் காட்சியை அளக்கும், அதன் பிறகுதான் ஷட்டரைத் திறக்கும். அளக்கும் கணத்தில் எதிரே இருப்பது வெறும் கரிய வானம். அந்த இருட்டுக்கு ஏற்றபடி அது ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றிவிடும். ஷட்டர் திறக்கும்போதோ வானத்தில் கண் கூசும் நெருப்பு. சிவப்பும் பச்சையும் போய் வெள்ளைத் திட்டு மட்டும் படத்தில் மிஞ்சும். ஆட்டோ ஃபோகஸும் பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அது நிலைகொள்வதற்குள் வாணம் அவிந்திருக்கும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் சொல்வதெல்லாம் மேனுவல் முறைக்கானது. மனப்பாடம் செய்ய வேண்டியவை நான்கைந்து எண்கள்தான். ஆனால் தீபாவளி இரவின் மொட்டைமாடி வேறு, கோவில் திருவிழா மைதானம் வேறு. எண்களுக்குப் பின்னால் உள்ள காரணம் தெரிந்திருந்தால்தான் இடத்துக்குத் தக்கபடி மாற்ற முடியும். ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி

சாதாரணப் படத்தில் அப்பர்ச்சர், ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ மூன்றும் சேர்ந்து வெளிச்சத்தைத் தீர்மானிக்கின்றன. ஷட்டரை இரு மடங்கு நேரம் திறந்தால் படத்துக்குள் இரு மடங்கு வெளிச்சம் வரும். வாணத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. வாணத்தின் பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை. சென்சாரின் ஒரு புள்ளியை அது கடக்க எடுப்பது நொடியில் ஒரு துளி நேரம். கடந்து போனபின் ஷட்டர் இன்னும் ஐந்து நொடி திறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்குப் புதிதாக வெளிச்சம் சேராது. கோலத்தில் இழையின் கனத்தை விரலிடுக்கில் விழும் மாவு தீர்மானிக்கிறது. கூடுதல் நேரம் போட்டால் இழை நீளும், தடிக்காது. வாணத்தின் ஒளிக்கோடும் அப்படித்தான்.

இதிலிருந்து கிடைக்கும் விதி இது. ஒளிக்கோட்டின் பிரகாசமும் நிறமும் அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ ஆகியவற்றின் பொறுப்பு. ஷட்டர் நேரத்தின் பொறுப்பு மூன்று: கோடு எவ்வளவு நீளம், ஒரே படத்தில் எத்தனை மலர்கள், அசையாமல் நிற்கும் பின்னணி எவ்வளவு துலங்கும். கட்டடம், கோபுரம், புகை, நகர விளக்குகளால் வெளுத்த வானம் எல்லாம் ஓரிடத்திலேயே இருப்பதால் நேரம் கூடக்கூட அவை வெளிச்சமாகிக்கொண்டே போகும்.

எனவே மலர் வெளுத்துப்போனால் ஷட்டர் நேரத்தைக் குறைத்துப் பெரிய பயனில்லை, அப்பர்ச்சரைச் சுருக்குங்கள். மலர் சரியாக வந்து கோபுரம் மட்டும் இருண்டிருந்தால் அப்பர்ச்சரைத் தொடாமல் நேரத்தைக் கூட்டுங்கள். களத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வரிகளில் தீர்ந்துவிடும்.

தொடக்க அமைப்பு

இந்த அமைப்பில் தொடங்கி, முதல் சில படங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

- முறை: மேனுவல். ரிமோட் இருந்தால் பல்ப்.
- ஐஎஸ்ஓ: 100. ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள்.
- அப்பர்ச்சர்: எஃப்/11. தேவைக்கேற்ப எஃப்/8 முதல் எஃப்/16 வரை.
- ஷட்டர்: 2 முதல் 6 நொடி.
- ஃபோகஸ்: மேனுவல்.
- ஒயிட் பேலன்ஸ்: டேலைட், அல்லது 4500 கெல்வின். ஆட்டோ வேண்டாம்.
- கோப்பு: ரா. கார்டில் இடமிருந்தால் ரா, ஜேபெக் இரண்டும்.
- ஸ்டெபிலைசேஷன்: டிரைபாடில் இருக்கும்போது அணைக்கவும்.
- நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷன்: அணைக்கவும்.
- ஃபிளாஷ்: அணைக்கவும்.

இவற்றில் நாய்ஸ் ரிடக்‌ஷன்தான் பலரையும் ஏமாற்றுவது. இது இயங்கினால், 6 நொடிப் படம் எடுத்தபின் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 6 நொடி வெற்று இருட்டைப் பதிவுசெய்து, முதல் படத்தின் புள்ளிகளை அதைக் கொண்டு கழிக்கும். அந்த 6 நொடியும் நீங்கள் எதையும் எடுக்க முடியாது. வாணவேடிக்கையில் பாதி அப்படியே போய்விடும். ஐஎஸ்ஓ 100இல் சில நொடிப் படங்களுக்கு இந்தத் திருத்தம் தேவையும் இல்லை.

ஸ்டெபிலைசேஷனை அணைப்பதற்குக் காரணம், அசைவே இல்லாத கேமராவிலும் சில லென்ஸ்கள் அசைவைத் தேடி உள்ளுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும் என்பது. பல நொடி திறந்திருக்கும் படத்தில் கட்டடத்தின் விளிம்பு அதனால் மங்கும். ஃபிளாஷ் வெளிச்சம் வானத்தை எட்டாது. எதிரே நிற்பவரின் பின்மண்டையையும் காற்றில் மிதக்கும் புகையையும்தான் வெளிச்சமாக்கும்.

ஃபோகஸை வாணவேடிக்கை தொடங்குமுன்பே முடித்துவிட வேண்டும். வெடிக்கும் இடத்துக்கு அருகில் உள்ள தெருவிளக்கையோ தொலைபேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கையோ திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, விளக்கு மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். கை பட்டு நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டினால் இன்னும் நல்லது. பல லென்ஸ்களில் வளையம் முடிவிலிக்கு அப்பாலும் சற்றுத் திரும்பும். அதனால் கடைசிவரை திருப்பி விட்டுவிடுவது நம்பத்தக்க வழி அல்ல. ஜூமை மாற்றினால் ஃபோகஸை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அகல லென்ஸ் என்றால் கவலை குறைவு. முழு பிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து இரண்டரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தாலே தொடுவானம்வரை தெளிவு கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு இதே தூரம் பத்து மீட்டரைத் தாண்டும்.

இடம், காற்று, லென்ஸ்

வாணவேடிக்கையில் படத்தைக் கெடுப்பதில் முதலிடம் புகைக்கு. காற்று உங்கள் முதுகிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வீச வேண்டும். உங்கள் முகத்துக்கு எதிரே வீசினால் இரண்டாம் நிமிடத்திலிருந்தே புகைத்திரைக்குப் பின்னால் ஒளிரும் நிறக்கறைகள்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் தீபாவளி ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. பொதுவாகக் காற்று வடகிழக்கிலிருந்து வரும் நாட்கள் அவை. எனவே வெடிக்கும் இடத்துக்கு வடக்கிலோ கிழக்கிலோ நிற்க முடிந்தால் நல்லது. ஆனாலும் அன்று மாலை ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். காற்றே இல்லாத இரவில் முதல் இரண்டு மூன்று நிமிடங்களில்தான் சுத்தமான படங்கள் கிடைக்கும். சோதனைப் படங்களை அப்போது எடுத்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார்செய்து வையுங்கள்.

மழைக்காலம் என்பதால் கேமராவை மூட ஒரு பிளாஸ்டிக் உறையும், லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணியும் அவசியம். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேரே மாடிக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். அரைமணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

எந்த லென்ஸ் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. தொழில்முறை வாணக் குண்டுகள் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் நூறடி உயரம் போய் வெடிக்கும். 6 அங்குலக் குண்டு என்றால் ஏறத்தாழ 180 மீட்டர். மலர் விரிவதையும் சேர்த்தால் உச்சி 250 மீட்டரைத் தாண்டலாம். 500 மீட்டர் தள்ளி நின்றால் முழு பிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் தரையும் உச்சியும் அடங்கும். 300 மீட்டரில் நின்றால் 35 மி.மீ. தேவை. அதைவிட நெருங்கினால் 24 மி.மீ. சிறிய சென்சார் உள்ள கேமராவில் இந்த எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸிலேயே இவை பெரும்பாலும் அடங்கிவிடும். வாணம் எடுக்க விலையுயர்ந்த லென்ஸ் வேண்டியதில்லை. எஃப்/11இல் வைக்கப்போகும் லென்ஸுக்கு எஃப்/1.4 இருந்தென்ன, இல்லாமல் என்ன?

முதல் வெடி எங்கே மலரும் என்று தெரியாது. அதனால் மேலே தாராளமாக இடம் விட்டுத் தொடங்கி, இரண்டு மூன்று வெடிகளைப் பார்த்தபின் சட்டகத்தை இறுக்குங்கள். சட்டகத்தின் அடியில் கோபுரம், தேர், ஆலமரம், கூட்டத்தின் தலைகள் என்று ஏதேனும் இருக்கட்டும். வானம் மட்டும் உள்ள படத்தில் இது எந்த ஊர் என்பதற்கு அடையாளமே இருக்காது. சிங்கப்பூரில் ஆகஸ்ட் 9 தேசிய தினத்தில் மரினா பே போன்ற நீர்ப்பரப்பில் எடுப்பவர்கள், சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தண்ணீருக்கு விட்டுவிடலாம். நீரில் விழும் பிம்பம் வானத்து மலரைவிட மங்கல் என்பதால், எஃப்/8 பக்கம் நின்றால் அதுவும் துலங்கும்.

பல்ப் முறையும் கருப்பு அட்டையும்

டிரைபாட் இல்லாமல் இந்த வேலை நடக்காது. நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுங்கள். மாடியில் பிள்ளைகள் ஓடினால் தளமே அதிரும். தூணுக்கோ சுவருக்கோ அருகில் உள்ள மூலை அவ்வளவு அதிராது.

பல்ப் முறையில் ரிமோட்டை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும். குண்டு சீறிக்கொண்டு மேலேறும் ஒலி கேட்டதும் அழுத்துங்கள். மலர் விரிந்து, இதழ்களின் நுனி வளைந்து கீழே சாயத் தொடங்கும்போது விடுங்கள். ஏறிய தண்டும் மலர்ந்த பூவும் ஒரே படத்தில் கிடைக்கும். ஒரு வெடிக்கு இது இரண்டு முதல் நான்கு நொடி. தங்கநிறத்தில் நீளமாகச் சொரியும் வகைகளுக்கு ஆறேழு நொடி விடலாம்.

ரிமோட் இல்லாதவர்கள் 4 நொடி ஷட்டரை வைத்து, கேமராவின் இன்டர்வல் வசதியில் ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் எடுக்கச் சொல்லலாம். இரண்டு நொடி டைமர் இங்கே உதவாது. அழுத்திய வெடி அதற்குள் மலர்ந்து முடிந்திருக்கும்.

ஒரே படத்தில் மூன்று நான்கு மலர்கள் வேண்டுமானால் கருப்பு அட்டை கைகொடுக்கும். பளபளப்பில்லாத கருப்புச் சார்ட் அட்டையை லென்ஸில் படாமல் முன்னால் பிடியுங்கள். ஷட்டரைப் பல்பில் திறந்து வைத்து, வெடி எழும்போது அட்டையை விலக்கி, மலர் முடிந்ததும் மறையுங்கள். வெடிகளுக்கு இடைப்பட்ட இருட்டில் பின்னணி வெளுக்காது, புகையும் சேராது. ஒரே திசையில் வெடிப்பவற்றைச் சேர்த்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கசங்கும். இடமும் வலமும் மாறி வருபவற்றைத் தேர்ந்து சேர்க்க வேண்டும். நான்குக்கு மேல் சேர்த்தால் எந்தப் பூவும் தனியாகத் தெரியாது.

நிறத்தைப் பார்த்து அப்பர்ச்சர்

எல்லா வாணமும் ஒரே அளவு வெளிச்சம் தருவதில்லை. நிறத்தைத் தருவது அதிலுள்ள உலோகம். ஸ்ட்ரான்சியம் சிவப்பைத் தரும், பேரியம் பச்சையை, தாமிரம் நீலத்தை, சோடியம் மஞ்சளை. கரித்தூளும் இரும்புத்தூளும் எரிந்தால் பொன்னிறம். அலுமினியம், மக்னீசியம், டைட்டானியம் எரிந்தால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. தாமிரச் சேர்மம் அதிக வெப்பத்தில் சிதைந்துவிடுவதால் நல்ல நீலம் செய்வது வாணத் தொழிலிலேயே கடினம். அது எப்போதும் மங்கலாகவே இருக்கும்.

ஐஎஸ்ஓ 100இல் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

- நீலம், ஊதா, கரிப்பொன்னில் நீளமாகச் சொரிபவை: எஃப்/8
- சிவப்பு, பச்சை, மஞ்சள்: எஃப்/11
- வெள்ளி, வெள்ளை, மின்னி மின்னி வெடிப்பவை: எஃப்/16
- கடைசியில் எல்லாம் சேர்ந்து வெடிக்கும் உச்சம்: எஃப்/16, ஷட்டர் 1 முதல் 2 நொடி

அடுத்து எந்த நிறம் வரும் என்று கணிக்க முடியாவிட்டால் எஃப்/11இலேயே நில்லுங்கள். சற்று இருண்ட படத்தை ரா கோப்பிலிருந்து மீட்கலாம். வெளுத்துப்போன இதழுக்கு நிறத்தைத் திரும்பக் கொடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

உச்சக்கட்டத்தில் மட்டும் ஷட்டர் நேரத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போது வானத்தின் ஒரே பகுதியில் பத்துப் பதினைந்து வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மலரும். புகையும் ஒளிரும். அந்தக் கூட்டல் நேரத்தோடு ஏறும்.

திருச்சூர்ப் பூரம் இதற்கு நல்ல பாடம். வடக்குநாதன் கோவிலைச் சுற்றியுள்ள தேக்கின்காடு மைதானத்தில் பாறமேக்காவு, திருவம்பாடி கோவில்கள் போட்டி போட்டு நடத்தும் வெடிக்கெட்டு, விடியலுக்கு முந்தைய இருட்டில் நடக்கும். தரையோடு தரையாகத் தொடர்ந்து வெடித்து ஓடும் பகுதியில் வண்ண மலர் குறைவு, வெள்ளை மின்னல் அதிகம். எஃப்/16இல் அரை நொடி, ஒரு நொடி என்று எடுத்தால் மைதானத்து மரங்களின் நிழலுருவம் வெளிச்சத்தின் முன் துல்லியமாக நிற்கும். வானத்து மலர்களுக்கு வைத்த 4 நொடியிலேயே விட்டால் படம் முழுக்க வெள்ளைப் புகைதான்.

தீபாவளி இரவு

2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க நேரக் கட்டுப்பாடு விதித்தபின், தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்று அரசு நேரம் ஒதுக்கிவருகிறது. காலை நேரத்தில் விடிந்துவிடும் என்பதால் ஒளிக்கோடுகளுக்கு உங்களுக்கு இருப்பது இரவு ஒரு மணி நேரம்தான். தேய்பிறைச் சதுர்த்தசி, அமாவாசையை ஒட்டிய இரவு என்பதால் நிலா தொந்தரவு செய்யாது.

ஒரு நல்ல உத்தி: சூரியன் மறைந்து பதினைந்து இருபது நிமிடத்தில், வானம் கருநீலமாக இருக்கும்போதே டிரைபாடை நிறுத்திக் கூரைகளும் கோபுரமும் தெளிவாகத் தெரியும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டிரைபாடை அசைக்காமல் அப்படியே வைத்திருந்து, 7 மணிக்குமேல் வாணங்களை எடுங்கள். பிறகு கணினியில் இரண்டையும் சேர்க்கலாம்.

சிவகாசிப் பெட்டிகளில் வரும் 30 ஷாட், 60 ஷாட் வகைகள் திருவிழாக் குண்டுகள் அளவு உயரம் போவதில்லை. அடுத்தடுத்துச் சீராக வெடிக்கும். தெருவின் எதிர்முனையிலிருந்து 24 மி.மீ., எஃப்/11, 8 நொடி வைத்தால் ஏழெட்டு ஷாட் விசிறிபோல் ஒரே படத்தில் அடங்கும்.

தரைப் பட்டாசுக்குக் கணக்கு வேறு. பொறி அருகில் இருப்பதால் வெளிச்சம் அதிகம்.

புஸ்வாணம்: எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1 நொடி வைத்தால் ஒளியூற்று பட்டிழையாக இறங்கும். பொறிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் 1/250, எஃப்/4, ஐஎஸ்ஓ 400.

சங்குசக்கரம்: மாடியிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ கீழ்நோக்கி எடுங்கள். எஃப்/11, அரை நொடி. அதற்குமேல் விட்டால் வட்டத்தின் நடு வெளுத்துவிடும்.

கம்பி மத்தாப்பு பிடித்த பிள்ளையின் முகம்: எஃப்/2.8, 1/100, ஐஎஸ்ஓ 800. மத்தாப்பு முகத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கை தள்ளி இருக்கட்டும். எக்ஸ்போஷரை முகத்துக்கு வையுங்கள். பொறி கொஞ்சம் வெளுத்தால் தவறில்லை.

மத்தாப்பால் காற்றில் எழுதுவது: எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 8 நொடி, டிரைபாட். எழுதுபவர் கேமராவைப் பார்த்தபடி எழுதினால் படத்தில் எழுத்து இடவலம் மாறி வரும். பிறகு கணினியில் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் பின்னணியில் கடைப் பெயர்ப்பலகை இருந்தால் அதுவும் மாறிவிடும். எழுதி முடிந்ததும் ஃபிளாஷை ஒருமுறை குறைந்த திறனில் அடித்தால் எழுதியவரின் முகமும் பதியும். ஃபிளாஷுக்கு இந்த அத்தியாயத்தில் உள்ள ஒரே வேலை இதுதான்.

தரைப் பட்டாசை நெருங்கி எடுக்கும்போது லென்ஸின் முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடி ஃபில்டரைப் போடுங்கள். தெறிக்கும் பொறி கண்ணாடியில் புள்ளி விழுத்தும், ஃபில்டரில் விழட்டும். வானத்து வாணத்துக்குத் திரும்பும்போது அதைக் கழற்றிவிடுங்கள். இல்லையெனில் பிரகாசமான விளக்குகளின் பொய்ப் பிம்பம் வானத்தில் தெரியும்.

வீடியோ

ஸ்டில் படத்தில் நான்கு நொடி நெருப்பு ஒரே சட்டகத்தில் சேர்கிறது. வீடியோவில் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைப்பது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பின்னணி சேர்ந்து துலங்க வழியே இல்லை. அதனால் ஸ்டில்லுக்கு வைத்த எஃப்/11, ஐஎஸ்ஓ 100 இங்கே இருண்டுவிடும். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400இல் தொடங்குங்கள். மலரின் நடுப்பகுதி வெளுத்தால் எஃப்/8க்குப் போங்கள். ஐஎஸ்ஓ, ஷட்டர், அப்பர்ச்சர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் ஐந்தும் மேனுவலில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று ஆட்டோவில் இருந்தாலும் ஒவ்வொரு வெடிக்கும் காட்சி இருண்டு வெளுத்துத் துடிக்கும்.

பிரேம் வேகம் 25, ஷட்டர் 1/50. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே தெருவிளக்கும் சீரியல் விளக்கும் 1/50, 1/100 ஷட்டரில் துடிக்காமல் பதியும். கனடாவிலோ அமெரிக்காவிலோ எடுப்பவர்கள் 30 பிரேம், 1/60 வைக்க வேண்டும், அங்கே 60 ஹெர்ட்ஸ். மெதுவோட்டம் வேண்டுமானால் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 100 பிரேம், 1/100 நல்லது. 120 பிரேமில் எடுத்தால் விளக்குகள் துடிக்கும்.

கண்சிமிட்டும் நேரத்தில் மின்னும் வெள்ளை வெடியில் சில பிரேம்கள் பாதி வெளிச்சம், பாதி இருட்டு என்று பட்டையாக வரலாம். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வருவது அது. கேமராவில் பழுதில்லை. எடிட்டிங்கில் அந்த ஒரு பிரேமை மட்டும் நீக்கினால் போதும்.

பொறியும் புகையும் பிரேமுக்குப் பிரேம் முழுக்க மாறுவதால், குறைந்த பிட்ரேட்டில் எடுத்தால் காட்சி கட்டம் கட்டமாக உடையும். கேமரா தரும் மிக உயர்ந்த பிட்ரேட்டை வையுங்கள். லாக் வகைப் படத்தன்மை பழகியவர்களுக்கு உதவும். பழகாதவர்கள் சாதாரணத் தன்மையில் கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் குறைத்து எடுக்கலாம். இருட்டில் குறைவாகப் பதிந்த லாக் காட்சியை ஏற்றினால் வானமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும்.

ஜூம் செய்யாதீர்கள், கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு சட்டகத்தைப் பத்துப் பதினைந்து நொடி பிடித்து வையுங்கள். சில பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாகப் பதிவை நிறுத்திவிடும். உச்சக்கட்டம் வருமுன் நீங்களே நிறுத்திப் புதிதாகத் தொடங்கிவிடுங்கள். இரண்டாவது கேமரா இருந்தால் அதை வானத்துக்குத் திருப்பாமல் கூட்டத்துக்குத் திருப்புங்கள். எஃப்/2, 1/50, ஐஎஸ்ஓ 1600இல், வெடி வெளிச்சத்தில் நிறம் மாறும் முகங்கள் கிடைக்கும். வெட்டி ஒட்டும்போது வெறும் வானக் காட்சியின் சலிப்பை அந்த முகங்கள்தான் போக்கும்.

ஒலியையும் மேனுவலில் வைக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஒலிஅளவு சரிந்து, கூட்டத்தின் ஆரவாரமும் நாதசுரமும் அமுங்கி, மெல்ல மெல்ல மேலே வரும். பெரிய வெடி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை இறக்குங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். 700 மீட்டர் தள்ளி நின்றால் மலர்ந்து இரண்டு நொடிக்குப் பிறகே சத்தம் கேட்கும். நேரில் இது இயல்பு. திரையில் பிழைபோலத் தோன்றும். எடிட்டிங்கில் ஒலியை முன்னால் நகர்த்துவதா, அப்படியே விடுவதா என்பது உங்கள் விருப்பம். நகர்த்தினால் கூட்டத்தின் காட்சிகளுக்கான ஒலியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சேர்ந்து நகர்ந்துவிடக் கூடாது.

செல்பேசியில்

செல்பேசியின் முதன்மைக் கேமராவில் அப்பர்ச்சர் பெரும்பாலும் எஃப்/1.8க்கு அருகில் நிலையாக இருக்கும், சுருக்க முடியாது. மேலே சொன்ன விதிப்படி, ஒளிக்கோட்டை அடக்க மிஞ்சியிருப்பது ஐஎஸ்ஓ ஒன்றுதான். புரோ முறையில் அதை மிகக் குறைவாக, 50க்கு இறக்குங்கள். ஷட்டர் அரை நொடி முதல் 2 நொடி. அப்படியும் வெளுத்தால் கிளிப்பில் மாட்டும் என்.டி. ஃபில்டர் உதவும். நைட் முறை பல படங்களை எடுத்துச் சேர்ப்பதால் நகரும் பொறிகள் உடைந்துபோகலாம், அதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் லைவ் ஃபோட்டோவாக எடுத்துவிட்டுப் பிறகு லாங் எக்ஸ்போஷர் விளைவைத் தேர்ந்தால் ஒளிக்கோடுகள் கிடைக்கும்.

வீடியோவுக்குத் தொலைவில் உள்ள ஒரு விளக்கின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பிறகு வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டவே வேண்டாம். செல்பேசியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தொடங்குமுன் லென்ஸைத் துடைப்பதை மறக்காதீர்கள். அதன்மேல் எண்ணெய் விரல் பட்டிருந்தால் எல்லா மலருக்கும் வால் முளைக்கும், தீபாவளியன்று எண்ணெய் படாத விரல் ஏது?

பாதுகாப்பு

2016 ஏப்ரல் 10 அதிகாலை, கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோவில் வெடிவிபத்தில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிபொருள் வைத்திருக்கும் இடத்துக்கும் ஏவும் இடத்துக்கும் அருகில் படத்துக்காகக்கூடப் போகக் கூடாது. காவல்துறையோ விழாக்குழுவோ கட்டியிருக்கும் கயிற்றுக்கு இந்தப்பக்கமே நில்லுங்கள். வீட்டில் எடுக்கும்போது பருத்தி உடை, காலில் செருப்பு, அருகில் ஒரு வாளி தண்ணீர். பற்றவைத்தபின் வெடிக்காத பட்டாசின்மேல் குனிந்து எடுக்காதீர்கள். கேமராவில் கண்ணை வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நடப்பது தெரியாது. அதனால் உடன் ஒருவர் இருக்கட்டும். இருட்டில் டிரைபாட் காலில் பிள்ளைகள் இடறுவது சகஜம். கால்களில் வெள்ளைத் துணிக் கீற்றுக் கட்டுங்கள். இந்தியாவில் ட்ரோன் பறக்கவிட 2021ஆம் ஆண்டு விதிகள் உண்டு. அனுமதி இருந்தாலும் கூட்டத்தின் தலைக்கு மேலும், வாணம் ஏறும் பாதையிலும் பறக்கவிடக் கூடாது.

எடுத்தபின்

கேமராவின் திரையை நம்பி அன்றிரவே படங்களை அழிக்காதீர்கள். இருட்டில் திரை எப்போதும் உண்மையைவிடப் பிரகாசமாகக் காட்டும். களத்தில் பார்க்க வேண்டியது ஹிஸ்டோகிராமை. வலது விளிம்பில் சிகரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் சுருக்குங்கள்.

கணினியில் மூன்று திருத்தங்கள் போதும். பிரகாசப் பகுதியை இறக்கி இதழ்களின் நிறத்தை மீட்பது, கருமையை ஆழப்படுத்திப் புகையை அடக்குவது, ஒயிட் பேலன்ஸை 4000க்கும் 5500க்கும் இடையில் நகர்த்தி வானம் செம்மஞ்சளாகத் தெரியாத இடத்தில் நிறுத்துவது. நிறச் செறிவை அதிகம் ஏற்றாதீர்கள், வாணத்தில் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. டிரைபாட் அசையாத பல படங்களை லேயர்களாக அடுக்கி லைட்டன் முறையில் சேர்த்தால், கருப்பு அட்டை செய்யும் வேலையைப் பிறகும் செய்யலாம். போட்டிக்கோ செய்தித்தாளுக்கோ அனுப்பும்போது சேர்த்த படம் என்பதைச் சொல்லிவிடுவதே முறை.

முன்கூட்டியே பழகுங்கள்

தீபாவளிக்கு இருப்பது ஒரு மணி நேரம், ஊர்த் திருவிழா வாணவேடிக்கைக்கு இன்னும் குறைவு. மெனுவில் பல்ப் எங்கே என்று தேடும் நேரம் அது அல்ல. அதற்கு ஒரு வாரம் முன்பே ஏதாவது ஒரு மேம்பாலத்திலோ மாடியிலோ டிரைபாடை நிறுத்தி, இரவில் ஓடும் வாகனங்களின் விளக்குகளை எடுத்துப் பாருங்கள். நகரும் வெளிச்சம் என்பதால் அதற்கும் இதே விதிதான். எஃப்/8இலிருந்து எஃப்/16க்கு மாற்றினால் கோடு மெலிவதையும், 2 நொடியிலிருந்து 8 நொடிக்கு மாற்றினால் கோடு நீண்டு சாலை மட்டும் வெளிச்சமாவதையும் உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். ஒரு பட்டாசுகூடச் செலவில்லாமல் கிடைக்கும் இந்தப் பயிற்சியை ஒருமுறை முடித்தவர், வாணவேடிக்கை அன்று எண்களைத் தேட மாட்டார்.